தேய்ப்பதற்கு முன் தகட்டைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சுங்கை சிப்புட் ஊர்த் திடலில் நடந்த பழைய கார் அணிவகுப்பைப் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த செய்தியையும் படங்களையும் பார்த்தோம். தமிழ்ப் பத்திரிகையில் பழைய காருக்கு அரைப் பக்கம் கிடைப்பது அபூர்வம். அதற்கு நன்றி. ஆனால் பெரிய படத்தின் கீழே 'வின்டேஜ் பந்தயக் கார்' என்று அச்சாகியிருந்த வண்டி ஒரு மோரிஸ் மைனர், பிரிட்டனில் செய்த சின்னக் குடும்பக் கார். அது வின்டேஜும் இல்லை, பந்தயத்துக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. மறுநாள் காலையிலேயே இரண்டு பேர் தங்கள் ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் கிடக்கும் 'வின்டேஜ்' காரை எழுப்பி ஓட்டப் போவதாகப் பேட்டரியோடு கிளம்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். பிரிட்டனில் பழைய கார் சேகரிப்பவர்கள் வகுத்த கணக்குதான் பெரும்பாலும் எல்லா இடத்திலும் வழங்குகிறது. 1904 முடியும்வரை செய்தவை வெட்டரன். 1905 முதல் 1918 வரை எட்வர்டியன். 1919 முதல் 1930 வரை உள்ளவைதான் வின்டேஜ். அதற்குப் பிந்தியவற்றைப் பொதுவாக கிளாசிக் என்று சொல்லிவிடலாம். படத்தில் உள்ள வடிவ மோரிஸ் மைனர் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே 1948இல். அதை வின்டேஜ் என்பது பேரனைப் பிடித்துப் பூட்டன் என்று அறிமுகம் செய்வதுபோல.

உங்கள் படத்திலிருந்தே அந்த வண்டியின் வயதை நெருங்கிச் சொல்லலாம். முன்கண்ணாடி ஒரே துண்டாக, லேசாக வளைந்திருக்கிறது. 1956 வரை வந்த மைனர்களுக்கு நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் தட்டைக் கண்ணாடி. ஆகவே இது 1956க்குப் பிந்திய 'மைனர் 1000'. கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் கை நீட்டும் சிக்னல் இருந்த பொந்து தெரிகிறது. 1961க்குப் பிறகு அந்தக் கைகள் போய், மின்னும் விளக்குகள் வந்துவிட்டன. அப்படியானால் இது 1956க்கும் 1961க்கும் இடைப்பட்டது, பிறந்தபோது 948 சிசி இஞ்சின் இருந்திருக்க வேண்டும். 1098 சிசி வந்தது 1962இன் இறுதியில்தான். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பானெட்டை, அதாவது இஞ்சின் மூடியை, திறந்தால்தான் சொல்ல முடியும். நம் மலேசிய மைனர்கள் பலவற்றுக்குள் ஜப்பானிய டட்சன் காரின் இஞ்சினும் கியர்பாக்ஸும்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டின் நடுவில் நீளவாக்கில் ஓடும் தட்டையான பட்டையைக் கவனியுங்கள். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி குறுகலாகத் தெரிந்ததால் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளி கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அந்த நான்கு அங்குலம்தான் பானெட்டில் பட்டையாக நிற்கிறது. தொடக்க கால வண்டிகளின் பம்பரில்கூட நடுவில் ஒட்டுத்துண்டு இருக்கும். ஏற்கெனவே அடித்து வைத்த குறுகிய பம்பர்களை வீணாக்காமல் வெட்டி ஒட்டினார்கள். ஒரு காரின் வரலாறு இப்படித்தான் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். நன்றாகப் பட்டி பார்த்து, மூன்று பூச்சுப் பெயின்ட் அடித்து அழகாக்கினால் முதலில் அழிவதும் அதுதான்.

இனிப் பந்தயம். இந்த வட்டாரத்தில் பந்தயம் என்றதும் இளைஞர்களுக்கு 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த சிப்பாங் மட்டும் நினைவுக்கு வருகிறது. அதற்கு வெகு முன்பே, 1940இல், ஜொகூர் பாருவின் நகரச் சாலைகளை மூடிவைத்து ஜொகூர் கிராண்ட் பிரீ நடந்தது. போருக்குப் பிறகு அது மீண்டும் தொடங்கி அறுபதுகள்வரை விட்டுவிட்டு நடந்தது. சிங்கப்பூரில் தாம்சன் சாலைப் பந்தயம் 1961 முதல் 1973 வரை. ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கால்வாயும் விளக்குக் கம்பங்களும். இடையில் சில ஆண்டுகள் அந்தப் பந்தயத்துக்குப் பெயரே மலேசிய கிராண்ட் பிரீ. 1963, 1965 இரண்டிலும் லோட்டஸ் 23 பந்தயக் காரில் வென்றவர் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன். நடுவில் 1964ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பெருமழை பாதியிலேயே நிறுத்திவிட்டது. 1968இல் கோலாலம்பூரை அடுத்த பத்து தீகா சுற்றுப்பாதை திறந்த பிறகுதான் நம் நாட்டுக்கென்று நிரந்தரமான பந்தயப் பாதை கிடைத்தது. இன்று அந்த இடத்தில் வீடுகள்.

அந்தக் காலத்தில் பந்தயக் கார் என்றால் பெரும்பாலும் அதற்கென்றே செய்த வண்டியாக இருக்காது. வெள்ளிக்கிழமைவரை அலுவலகத்துக்குப் போன எம்ஜி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஞாயிற்றுக்கிழமை கோட்டில் நிற்கும். முன்கண்ணாடியை மடக்கியோ கழற்றியோ விடுவார்கள். மட்கார்டைக் கழற்றுவார்கள். பானெட்டைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். விளக்குக் கண்ணாடியில் ஒட்டுப்பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுவார்கள். உடைந்தாலும் சில்லு சாலையில் சிதறிப் பின்னால் வருபவரின் டயரைக் கிழிக்காது. இஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்பின் எண்ணெய் வடிக்கும் ஆணியில் துளை போட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். அதிர்ச்சியில் ஆணி கழன்றால் எண்ணெய் பாதையில் கொட்டும், அவர் மட்டுமல்ல பின்னால் வருகிறவர் எல்லாரும் வழுக்கிப் போவார்கள். உங்கள் ஊரில் ஏதாவது பழைய எம்ஜியின் சம்ப் ஆணித் தலையில் இப்படி ஒரு சின்னத் துளை இருந்தால், அது பந்தயம் பார்த்த வண்டியாக இருக்க வாய்ப்புண்டு. தயவுசெய்து அந்த ஆணியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஆணி போடாதீர்கள்.

எம்ஜி என்றதும் இன்னொன்று. எம்ஜி வகைகளில் டிசி எது, டிடி எது என்று எல்லாரும் குழம்புகிறார்கள். சக்கரத்தைப் பாருங்கள். 19 அங்குல ஒல்லிக் கம்பிச் சக்கரம் என்றால் டிசி, 1945 முதல் 1949 வரை. 15 அங்குலத் தகட்டுச் சக்கரம் என்றால் அதற்கு அடுத்து வந்த டிடி. டிசி சுமார் 10,000 வண்டிகள்தான் செய்யப்பட்டன, எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங். அதன் சேசிஸ் எண் 0251இல் தொடங்குகிறது. ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதுதான் காரணம். யாராவது 'டிசி 0100' என்று ஒரு தகட்டைக் காட்டி விலை பேசினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

பந்தயத் திடலின் வாசம் என்று பழைய ஆட்கள் சொல்வது நமக்கு அந்நியமானதே இல்லை. விளக்கெண்ணெய். பந்தய இஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகைத்தான் ஊற்றினார்கள். சூட்டிலும் அது உலோகத்தை விட்டு எளிதில் விலகாது. காஸ்ட்ரால் என்ற பெயரே அந்த ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். குறை என்னவென்றால், அது சாதாரண மினரல் எண்ணெயோடு கலக்காது. பந்தயம் முடிந்து வண்டியை அப்படியே நிறுத்தினால் பிசின்போல் இறுகிவிடும். பழைய பந்தய இஞ்சினைப் பிரிக்கும்போது உள்ளே அரக்குப் போன்ற பழுப்புப் பிசின் படிந்திருந்தால் அது அழுக்கு என்று ஒதுக்க வேண்டாம், அது ஒரு சாட்சி. ஒரு சின்னப் போத்தலில் சுரண்டி எடுத்து வையுங்கள். அதன் பிறகு முழுவதும் பிரித்துக் கழுவாமல் மினரல் எண்ணெய் ஊற்றக் கூடாது.

இதில் தோட்டத்துக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் சக்கரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பிய பந்தயத்தில், மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரில் முதன்முதலாக ஒரு காரை ஓட்டினார்கள். வழி நெடுகப் பஞ்சர். நேர வரம்புக்குள் வந்து சேர முடியவில்லை. முதலில் வந்து சேர்ந்த லெவாசோர் திடமான ரப்பர்ச் சக்கரத்தில் 48 மணி 48 நிமிடம் ஓட்டினார். ஆனாலும் சில ஆண்டுகளில் காற்றடைத்த டயர்தான் வென்றது. அடுத்த ஆண்டு 1896இல் சிங்கப்பூருக்கு முதல் கார், ஒரு பென்ஸ், வந்து இறங்கியது. அதே 1896இல்தான் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். கார் வந்த ஆண்டும் பால்மரத் தோட்டம் வந்த ஆண்டும் ஒன்றாக அமைந்ததை யாரும் திட்டமிடவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, கோலாகங்சாரில், 1877இல் வந்த கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. கார் அணிவகுப்பு அங்கேயிருந்து தொடங்கினால் பொருத்தமாக இருக்கும் என்பது எங்கள் யோசனை.

பழைய படங்களில் டயர் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருப்பதைப் பார்த்து 'அலங்காரத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள்' என்று எழுதுகிறார்கள். புகைக்கூட்டில் தொங்கிய ரப்பர் ஷீட்டின் நிறம் தேன்பழுப்பு. அதில் துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் டயர் வெளிறிப் போகும். கரித்தூள் கலக்கும் பழக்கம் பரவிய பிறகுதான் டயர் கறுத்தது. தேய்மானமும் பெரிய அளவில் குறைந்தது. ஆகவே வெளிறிய டயர் உள்ள படம் பெரும்பாலும் முதல் உலகப் போர்க் காலத்துக்கு முந்தியதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்கும். படத்தின் ஆண்டைக் கணிக்க இது ஒரு நல்ல குறிப்பு.

தோட்டத்துக் கார்களுக்கு ஜப்பானியர் காலமும் அவசரகாலமும் வைத்த தழும்புகள் தனி. ஜப்பானியர் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவிலும், ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயிலும் வண்டி ஓட்டினார்கள். டயரும் ரப்பர், எரிபொருளும் ரப்பர். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அதிலிருந்து வந்தது. அதன் பிறகு துரைமார் கார்களுக்கும் வேன்களுக்கும் இரும்புத் தகடு அடித்தார்கள். 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் கர்னி தாக்கப்பட்டபோது அவர் போனது ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ரெய்த்தில். பழைய தோட்ட வண்டியின் கதவு உட்புறத்தில் காரணமில்லாமல் வரிசையாகத் துளைகள் இருந்தால், முன் ஸ்பிரிங் வழக்கத்தைவிடக் கூடுதல் தகடு வைத்துக் கனமாக இருந்தால், அது கவசத் தகடு தாங்கிய வண்டியாக இருக்கலாம். அந்தத் துளைகளை வெல்டிங் வைத்து அடைப்பதற்கு முன்பு அளந்து, படம் எடுத்து வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இருபது, முப்பது ஆண்டுகள் ஸ்டோரில் கிடந்த காரைப் புதுப் பேட்டரி போட்டு 'ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்' என்பதுதான் இன்று நடக்கும் மிகப் பெரிய நாசம். நம் ஈரக் காற்றில் பிஸ்டன் ரிங் வார்ப்பிரும்புச் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த இழுப்பில் ரிங் உடையும், உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறும். நூறு ரிங்கிட்டில் முடியும் வேலை ஆயிரக் கணக்கில் போய் நிற்கும்.

பேட்டரியைத் தொடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வையுங்கள். காப்பித்தூள் நிறமாக இருந்தால் கடைசியாக ஓடியபோது இஞ்சின் நன்றாக இருந்தது. கறுத்த புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைந்து சூடேறியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் (ஏடிஎஃப்) ஊற்றி மூன்று நாள் விடுங்கள். நான்காம் நாள் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு, முழுச் சுற்று வேண்டாம், கால் அங்குலம் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா, அதே எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றி இன்னும் ஒரு வாரம். அசிட்டோன் தீப்பற்றும், பக்கத்தில் சிகரெட் கூடாது, வெளிக்காற்று வரும் இடமாக இருக்க வேண்டும். ஹேண்டிலில் இரும்புக் குழாய் மாட்டி நீட்டி அழுத்துகிற வீரம் மட்டும் வேண்டாம்.

இஞ்சின் கையால் சுற்ற வந்தபிறகு எண்ணெய். பலர் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய 20டபிள்யூ-50 ஊற்றி ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்து எண்ணெயில் அழுக்கைக் கரைக்கும் சேர்மானம் குறைவு. அதனால் அழுக்கெல்லாம் சம்ப் அடியில் தார்போல் படிந்திருக்கும். புது எண்ணெய் அதைக் கரைத்து எழுப்பும்; எழும்பியது எண்ணெய் இழுக்கும் வலைக்கண்ணியில் போய் அடைக்கும்; பத்து நிமிடத்தில் பேரிங் போய்விடும். சம்பைக் கழற்றி, வலையை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கேஸ்கட் வைத்து மாட்டிய பிறகுதான் எண்ணெய். மைனர் 1000க்குச் சுமார் 3.7 லிட்டர், ஃபில்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக. பிளக் இல்லாமலே ஹேண்டிலால் நிறையச் சுற்றி எண்ணெய் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர்வரை வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மேல் மூடி திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியும் பார்த்துவிடலாம். குளிர்ந்த இஞ்சினில் 0.012 அங்குலம். இதற்குப் பட்டறைகளில் 'ஒன்பது கணக்கு' உண்டு. முன்னாலிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாவது முழுக்கத் திறந்து அமுங்கி நிற்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள். ஆறு திறந்திருந்தால் மூன்று. இரண்டு திறந்திருந்தால் ஏழு. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனால் தளர்வு. லேசாகப் பிடித்து, இழுத்தால் வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025. தீப்பொறி வரிசை 1-3-4-2.

பெட்ரோல் டாங்கை நம்பாதீர்கள். உள்ளே துருவும், பழைய பெட்ரோல் காய்ந்த வார்னிஷும் இருக்கும். அதன் வாசமே புளித்த மாதிரி. கழற்றி, ஒரு பிடி சின்ன நட்டுகளையோ மெல்லிய சங்கிலியையோ உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் 'காலி டாங்குதான்' என்று சொல்லாதீர்கள். காலி டாங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும், நிறைந்த டாங்கைவிட அதுவே ஆபத்து. மைனரின் மின்சார பெட்ரோல் பம்ப் சாவியைத் திருப்பியதும் சில தடவை டிக்டிக் என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெட்ரோல் இல்லை. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் அதன் உள்ளே உள்ள பாயின்ட் கறுத்துவிட்டது.

பேட்டரியை மாட்டும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தப் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இன்றைய கார்களின் பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் கொடுத்தால் டைனமோ சார்ஜ் தலைகீழாகிவிடும், பின்னால் யாராவது மாட்டிய ரேடியோவும் புகைந்துவிடும். ஏற்கெனவே யாரோ மாற்றியிருக்கவும் கூடும். ஊகிக்காமல் கேபிள் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

கார்புரேட்டர் சரியா என்பதற்கு மீட்டர் தேவையில்லை. இந்த வண்டிகளில் உள்ள எஸ்யூ வகைக் கார்புரேட்டரின் பிஸ்டனைக் கீழேயிருந்து ஒரு மெல்லிய ஸ்குரூடிரைவரால் முப்பத்திரண்டில் ஒரு அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர், தூக்குங்கள். இஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே திணறி அணைந்தால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழைய வேகத்துக்கே வந்தால் சரி. இரட்டைக் கார்புரேட்டர் உள்ள எம்ஜியில் ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேட்டு, 'ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி வரும்வரை திருகுங்கள்.

பிரேக் விஷயத்தில் விளையாடாதீர்கள். மைனரின் பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. தரைவிரிப்பை விலக்கி மூடியைத் திறக்க வேண்டும் என்று தெரியாததால் ஆண்டுக்கணக்கில் யாரும் எண்ணெய் பார்க்காத வண்டிகள் ஏராளம். பழைய ரப்பர் வளையங்கள் இயற்கை ரப்பர். அதில் இஞ்சின் எண்ணெய் ஊற்றினால் வளையம் பொங்கிவிடும், பெடல் திரும்ப வராது. ஷீட்டில் பெட்ரோல் பட்டால் என்னாகும் என்று பால்கொட்டாயில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளையங்களை எல்லாம் மாற்றி, டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றி, அந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் இன்னும் வேகமாக. பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

மைனர் வைத்திருப்பவர்கள் வருவதற்கு முன்பே அறிய வேண்டிய ஒரு கேடு உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் காலின் அடியில் திருகு மரையோடு கூடிய ஒரு முட்டி இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் திருப்பத்தில் அது கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, வண்டியை ஜாக் வைத்துத் தூக்கிய பிறகு, இரு பக்கமும் மேலும் கீழும் கிரீஸ் அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தியது. டயர்ப் பூவின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சாலைக்கு ஆகாது.

இப்போது டட்சன் இஞ்சின் விவகாரம். அதைப் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பாகம் கிடைத்தது, வண்டி ஓடியது, குடும்பம் பிழைத்தது. ஆனால் பழைய இஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். சிலிண்டர் பிளாக்கில் டைனமோவுக்கு மேலே ஒரு சிறு தகட்டில் இஞ்சின் எண் இருக்கும். அதைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். சேசிஸ் தகடும் அப்படியே. இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்து, வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டிலும் பதிவு செய்ய வேண்டும். செய்யாத வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றும்போது புஸ்பகோம் வாகனப் பரிசோதனையில் சிக்கிக்கொள்கிறார்கள்.

நம்பர் தட்டையும் படியுங்கள். இங்கே பொதுவாக எண் வண்டியோடே வாழ்நாள் முழுக்கப் போகும், விற்ற மாநிலத்துக்காக மாறாது. ஜே என்று தொடங்கினால் ஜொகூரிலும், ஏ என்றால் பேராக்கிலும் முதலில் பதிந்தது. ஜொகூர் எண்ணோடு நம் ஊர்த் தோட்டத்தில் ஒரு எம்ஜி நிற்கிறது என்றால் அது எப்படி இங்கே வந்தது என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

பெயின்ட்டை முழுக்க உரிப்பதற்கு முன், இருக்கைக்கு அடியிலோ கையுறைப் பெட்டிக்குள்ளோ உள்ள நிறத்தைப் பாருங்கள். வெளியே ஒரு மூலையில் நான்கு சென்டிமீட்டர் வட்டத்தை ஈரமணல் தாளால் சரிவாகத் தேய்த்தால், மரத்தின் வளையங்கள்போல அடித்த பூச்சுகள் வரிசையாகத் தெரியும். ஒரு பந்தயத்துக்காக அடித்த எண் வட்டம்கூட அடியில் ஒளிந்திருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு, முகமூடி போடுங்கள், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அணிவகுப்புச் செய்திகளில் உரிமையாளர் பெயரும் விருந்தினர் பெயரும் வருகின்றன. துரையின் காரை ஓட்டிய டிரைவர், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஃபிட்டர், இவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களில் பலர் நம் ஆட்கள். வாசகர்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய காரோடு யாராவது நிற்கும் படம் இருந்தால் அனுப்பச் சொல்லி ஒரு பத்தி தொடங்குங்கள். மூலப் படத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்; நம்பர் தட்டும் சக்கரமும் தெளிவாகத் தெரியும்படி கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பினால் போதும், ஆண்டை நாங்கள் கணித்துச் சொல்கிறோம். படத்தில் இருப்பவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பின்புறம் மென்மையான பென்சிலில், ஓரமாக, அழுத்தாமல் எழுதி வைக்கட்டும். பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஊறி முன்பக்கம் முகத்தில் வந்து நிற்கும்.

இப்படிக்கு,
பழைய வாகனப் பட்டறைக்காரர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.